தினமும் ஒரு மாத்திரை... விட்டாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து! ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து பற்றி முழு விவரம்

ராத்திரி வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு அந்த கொத்தனாரின் நெஞ்சுக்குள் இருந்து 'டிக்... டிக்...' என்று கடிகாரம் ஓடுவது போல சத்தம் கேட்கும். பக்கத்தில் படுத்திருக்கும் மனைவிக்கும் அது கேட்கும். இதயத்தில் பொருத்திய செயற்கை வால்வு திறந்து மூடுகிற சத்தம் அது. ஆபரேஷன் முடிந்து 3 வருடம் ஆகிறது. ஆள் திடமாகத்தான் இருக்கிறார். சாரம் ஏறுகிறார், பூச்சு வேலை செய்கிறார்.

ஒரு நாள் வெளியூரில் வேலை. பத்து நாள் தங்கி பார்க்க வேண்டும். கையில் இருந்த மாத்திரை நாலாம் நாளே தீர்ந்துவிட்டது. "ஒரு வாரம் போடலைன்னா என்ன ஆயிடப்போகுது? ஊருக்கு போய் பாத்துக்கலாம்" என்று விட்டுவிடுகிறார். திரும்பி வந்த மறுநாள் மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குகிறது. ராத்திரி படுத்தால் மூச்சு முட்டுகிறது. மனைவி காதை வைத்துக் கேட்கிறார். 'டிக்... டிக்...' சத்தம் மங்கலாக இருக்கிறது!

வால்வில் ரத்தக்கட்டி வந்து உட்கார்ந்துவிட்டது.

இது குறிப்பிட்ட ஒருவரின் கதை அல்ல. வால்வு மாற்றிய யாருக்கும் நடக்கக்கூடியதை புரிவதற்காக சொல்கிறோம். ஆனால் ஒன்று மட்டும் உண்மை. அவர் சாப்பிட வேண்டிய மாத்திரை சில ரூபாய் சமாச்சாரம். அதை விட்டதால் வந்த ஆபத்து உயிர் சமாச்சாரம்.

அது என்ன மாத்திரை? யார் யாருக்கு? ஏன் அடிக்கடி ரத்தம் எடுத்து பார்க்கிறார்கள்? கீரை சாப்பிடலாமா? பார்ப்போம்.

ரத்தம் ஏன் உறைகிறது?

காய் நறுக்கும்போது விரலில் கத்தி படுகிறது. கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால் ரத்தம் நின்றுவிடுகிறது. ரத்தம் உறைவதால்தான் நாம் பிழைத்துக் கிடக்கிறோம். இல்லாவிட்டால் சின்ன காயத்துக்கே ரத்தம் கொட்டிக்கொண்டே இருக்கும்.

ஆனால் இதே வேலை வெளிக்காயம் எதுவும் இல்லாமல் ரத்தக்குழாய்க்கு உள்ளே நடந்தால்தான் வினை. ஓடுகிற வாய்க்காலில் தண்ணீர் தேங்கும் இடத்தில்தானே பாசி பிடிக்கும்? அதுபோல ரத்தம் தேங்கும் இடத்தில் கட்டி சேரும். முக்கியமாக 3 இடங்கள்.

ஒன்று, கால். எலும்பு முறிந்து மாவுக்கட்டு போட்டு படுத்திருப்பவர்கள், பெரிய ஆபரேஷன் செய்தவர்கள், புற்றுநோயாளிகள், பிரசவம் ஆன பெண்கள் ஆகியோருக்கு காலின் ஆழத்தில் ஓடும் ரத்தக்குழாயில் கட்டி வரலாம். அது பிய்த்துக்கொண்டு மேலே போய் நுரையீரல் குழாயை அடைத்தால் திடீர் மரணம் கூட நேரும்.

இரண்டு, இதயத்தின் மேல் அறை. சிலருக்கு இதயம் சீராக துடிக்காமல் தாறுமாறாக படபடக்கும். ஏட்ரியல் பிப்ரிலேஷன் என்பது அதன் பெயர். வயதானவர்களுக்கு அதிகம் வரும். மேல் அறை சரியாக சுருங்காததால் அங்கே ரத்தம் தேங்கி உறையும். அந்தக் கட்டி மூளைக்கு போனால் பக்கவாதம். இந்தக் கோளாறு இல்லாதவர்களைவிட இருப்பவர்களுக்கு பக்கவாதம் வரும் வாய்ப்பு சுமார் 5 மடங்கு.

மூன்று, செயற்கை வால்வு. நம் உடம்பில் பிறக்காத பொருள் எது உள்ளே இருந்தாலும் அதன்மேல் ரத்தம் ஒட்டி உறையப் பார்க்கும். உலோகத்தால் செய்த வால்வும் அப்படித்தான்.

இந்த மூன்று இடத்திலும் கட்டி வராமல் தடுக்கவும், வந்த கட்டி மேலும் வளராமல் பார்த்துக்கொள்ளவும் கொடுப்பதுதான் ரத்த உறைவு தடுப்பு மாத்திரை.

நம்ம ஊரில் ஏன் இது முக்கியம்?

வெளிநாடுகளில் இந்த மாத்திரை சாப்பிடுபவர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள். இங்கே 25 வயது, 30 வயது ஆட்களும் சாப்பிடுகிறார்கள். காரணம், சின்ன வயதில் வரும் ஒரு தொண்டை வலி!

5 முதல் 15 வயது குழந்தைகளுக்கு ஒருவகை கிருமியால் தொண்டை வலி, காய்ச்சல் வரும். சரியாக மருந்து கொடுக்காவிட்டால் சிலருக்கு இரண்டு, மூன்று வாரம் கழித்து மூட்டு மூட்டாக வீங்கி காய்ச்சல் அடிக்கும். இதை மூட்டுவாத காய்ச்சல் என்கிறார்கள். மூட்டு வலி போய்விடும். ஆனால் இதய வால்வை கடித்துவிட்டுப் போகும். பல வருடம் கழித்து வால்வு சுருங்கியோ, மூட முடியாமலோ போய் ஆபரேஷன் வரைக்கும் கொண்டுபோய் விடும். நெருக்கடியான வீடுகளில், ஒரே அறையில் ஐந்து, ஆறு பேர் படுக்கும் இடங்களில்தான் இந்தக் கிருமி சுலபமாக பரவுகிறது. அதனால் இது பெரும்பாலும் ஏழை வீட்டு நோய்.

வெளிநாட்டு வால்வுக்கு பெரிய விலை கொடுக்க முடியாத காலத்தில், திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரை திருநாள் இன்ஸ்டிடியூட்டில் டாக்டர் எம்.எஸ்.வலியத்தான் தலைமையில் நம் நாட்டிலேயே ஒரு வால்வை தயாரித்தார்கள். 1990-ல் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு அது பொருத்தப்பட்டது. சித்ரா வால்வு என்று பெயர். முதல்-அமைச்சரின் மருத்துவ காப்பீட்டு திட்டத்திலும் வால்வு ஆபரேஷன் செய்துகொள்ளலாம்.

ஆபரேஷன் ஒரு நாளில் முடிந்துவிடும். மாத்திரை ஆயுசுக்கும் உண்டு. இதைத்தான் பல பேர் மறந்துவிடுகிறார்கள்.

மாட்டு ரத்தம் தந்த மருந்து!

இந்த மருந்து பிறந்த கதை சுவாரசியமானது. 1920-களில் அமெரிக்காவிலும் கனடாவிலும் மாடுகள் திடீர் திடீரென ரத்தப்போக்கில் செத்தன. கொம்பு சீவினால் ரத்தம் நிற்கவில்லை. குளிர்காலத்துக்கு சேமித்து வைத்த ஒருவகை தீவனம் பூசணம் பிடித்துப் போனதும், அதை மாடுகள் தின்றதும்தான் காரணம் என்று கால்நடை டாக்டர்கள் கண்டுபிடித்தார்கள். ஆனால் தீவனத்தில் இருந்த விஷம் எது என்று தெரியவில்லை.

1933-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநில விவசாயி ஒருவர், கொட்டும் பனியில் வண்டி ஓட்டிக்கொண்டு பல்கலைக்கழகத்துக்கு வந்தார். வண்டியில் செத்த கிடேரி, ஒரு பால் கேன் நிறைய உறையாத மாட்டு ரத்தம், அந்த கெட்டுப்போன தீவனம். விஞ்ஞானி கார்ல் பால் லிங்க்கின் ஆய்வுக்கூடத்தில் அவற்றை இறக்கிவிட்டு "இதற்கு ஒரு வழி சொல்லுங்கள்" என்று நின்றார். லிங்க்கும் அவருடைய ஆட்களும் 6 வருடம் உழைத்து, ரத்தத்தை உறையவிடாத அந்தப் பொருளை பிரித்தெடுத்தார்கள்.

அதை வைத்து உருவாக்கிய வார்பரின் என்ற மருந்து 1948-ல் முதலில் விற்பனைக்கு வந்தது எதற்கு தெரியுமா? எலி பாஷாணமாக! எலி தின்றால் உள்ளேயே ரத்தம் கசிந்து செத்துவிடும். 1951-ல் அமெரிக்க ராணுவத்துக்கு எடுக்கப்பட்ட ஒருவர் தற்கொலை செய்ய இதைத் தின்றார். வைட்டமின்-கே கொடுத்து காப்பாற்றிவிட்டார்கள். 'மனிதனுக்கும் கொடுக்கலாம், அதிகமானால் முறிக்கவும் மருந்து உண்டு' என்ற நம்பிக்கை வந்தது. 1954-ல் மனிதர்களுக்கு மருந்தாக அனுமதி கிடைத்தது. 1955-ல் மாரடைப்பு வந்த அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்கே இதைத்தான் கொடுத்தார்கள்.

எலியை கொன்ற அதே பொருள், அளவாக கொடுத்தால் மனிதனை காப்பாற்றுகிறது. இந்த மருந்தில் எல்லாமே அளவில்தான் இருக்கிறது.

எப்படி வேலை செய்கிறது?

'ரத்தத்தை தண்ணியாக்குற மாத்திரை' என்று நாம் பேச்சுவழக்கில் சொல்கிறோம். அது சரியல்ல. ரத்தம் தண்ணீர் போல ஆகிவிடுவதில்லை. உறைவதற்கு எடுக்கும் நேரம்தான் கூடுகிறது.

ரத்தம் உறைய தேவையான சில சரக்குகளை நம் கல்லீரல் தயாரிக்கிறது. அதற்கு வைட்டமின்-கே வேண்டும். வார்பரின், அசிட்ரோம் போன்ற மாத்திரைகள் அந்த வைட்டமினை வேலை செய்யவிடாமல் தடுக்கின்றன. சிமெண்ட் வராவிட்டால் கலவை போட முடியாது இல்லையா, அதுபோல!

நம்ம ஊரில் வால்வு நோயாளிகள் அதிகம் சாப்பிடுவது அசிட்ரோம். அதன் மருந்துப் பெயர் அசினோகூமரால். வார்பரினுக்கு தம்பி மாதிரி. ஒரு முக்கிய வித்தியாசம், வார்பரினை நிறுத்தினால் அதன் வேகம் அடங்க 4, 5 நாள் ஆகும். அசிட்ரோம் 2 நாளிலேயே அடங்கிவிடும். அதாவது, அசிட்ரோம் சாப்பிடுபவர் இரண்டு, மூன்று நாள் மாத்திரை விட்டால் பாதுகாப்பு ஏறக்குறைய இல்லை என்று அர்த்தம்.

மாத்திரை ஆரம்பித்த உடனேயும் முழு பலன் கிடைக்காது. சில நாள் ஆகும். அதனால்தான் கட்டி இருப்பவர்களுக்கு தொடக்கத்தில் ஹெப்பாரின் ஊசியும் சேர்த்து போடுகிறார்கள்.

இன்னொரு குழப்பமும் உண்டு. மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தவர்கள் ஆஸ்பிரின், குளோபிடோகிரல் சாப்பிடுவார்கள். அது வேறு, இது வேறு. பக்கத்து வீட்டுக்காரர் மாத்திரை தீர்ந்துபோச்சு என்று உங்களுடையதை கொடுப்பதோ, அவருடையதை நீங்கள் வாங்கி போடுவதோ கூடவே கூடாது.

ஐ.என்.ஆர். டெஸ்ட் எதற்கு?

பிரஷர் மாத்திரை மாதிரி 'எல்லோருக்கும் ஒரே அளவு' என்பது இதில் கிடையாது. ஒருவருக்கு 1 மி.கி. போதும். அதே எடை, அதே வயது உள்ள இன்னொருவருக்கு 4 மி.கி. தேவைப்படும். அதே ஆளுக்கே இந்த மாதம் சரியாக இருந்த அளவு அடுத்த மாதம் மாறிப் போகும்.

அதை கண்டுபிடிக்கத்தான் பி.டி.-ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனை. மாத்திரை சாப்பிடாத சாதாரண ஆளுக்கு இது ஏறக்குறைய 1 என்று இருக்கும். காலில் கட்டி வந்தவர்களுக்கும், இதயம் தாறுமாறாக துடிப்பவர்களுக்கும் 2 முதல் 3-க்குள் இருக்க வேண்டும். உலோக வால்வு பொருத்தியவர்களுக்கு எந்த இடத்தில் வால்வு என்பதைப் பொறுத்து 2.5 முதல் 3.5 வரை வைக்கச் சொல்வதும் உண்டு. உங்களுக்கு எவ்வளவு என்பதை உங்கள் டாக்டரிடம் கேட்டு சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அளவு குறைந்தால் கட்டி வரும். 4, 5 என்று ஏறினால் ரத்தக்கசிவு வரும். இரண்டுக்கும் நடுவில் கயிற்றின் மேல் நடப்பது மாதிரிதான் இந்த வைத்தியம்.

ஆரம்பத்தில் சில நாளுக்கு ஒரு தடவை பார்ப்பார்கள். சீராகிவிட்டால் பொதுவாக மாதம் ஒரு தடவை. அரசு மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரிகளில் இந்த டெஸ்ட் வசதி இருக்கிறது.

இங்கேதான் கஷ்டம். டெஸ்டுக்கு போனால் ஒரு நாள் கூலி போச்சு. பஸ் செலவு, டோக்கன், வரிசை, ரிசல்ட் வர மத்தியானம் ஆகும். அதனால் 'போன தடவை நல்லாத்தானே இருந்துச்சு' என்று மூன்று மாதம், ஆறு மாதம் போகாமல் இருப்பவர்கள் உண்டு. உடம்பில் எந்த அறிகுறியும் காட்டாமலேயே ஐ.என்.ஆர். ஏறும், இறங்கும். டெஸ்ட் எடுத்தால் மட்டும்தான் தெரியும். ஒரு நாள் கூலி போனால் சம்பாதித்துக் கொள்ளலாம். பக்கவாதம் வந்து கை, கால் விழுந்தால் ஆயுசுக்கும் கூலி போச்சு. டெஸ்ட் தேதியை மேஸ்திரியிடமோ, கம்பெனியிலோ முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுவது நல்லது.

மாத்திரையை சாயங்காலம் அல்லது இரவு சாப்பிடச் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. பகலில் டெஸ்ட் எடுத்து அளவு மாறினால், அன்று ராத்திரியே புது அளவை ஆரம்பித்துவிடலாம்.

கீரை சாப்பிடலாமா?

வால்வு நோயாளிகள் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். "கீரையை தொடவே கூடாதுன்னாங்க" என்று பயந்து அறவே விட்டுவிடுபவர்களும் உண்டு.

கீரையில் வைட்டமின்-கே அதிகம். முருங்கைக்கீரை, பசலைக்கீரை, அரைக்கீரை, முட்டைகோஸ், கொத்தமல்லி எல்லாவற்றிலும் இருக்கிறது. அது மாத்திரையின் வேகத்தை குறைக்கும். உண்மைதான். ஆனால் கீரையை அடியோடு நிறுத்த வேண்டியதில்லை. ஒரே சீராக சாப்பிட வேண்டும். அவ்வளவுதான். வாரம் இரண்டு நாள் கீரை என்றால் எல்லா வாரமும் இரண்டு நாள். மாத்திரை அளவை அதற்கு ஏற்ப டாக்டர் வைத்துவிடுவார்.

ஆபத்து எங்கே வருகிறது என்றால், ஊரில் முருங்கை மரம் தழைத்து நிற்கிறது என்று பத்து நாள் தொடர்ந்து கீரை சாப்பிடுவதில். அல்லது விரதம், காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்று நாலு நாள் சரியாக சாப்பிடாமலேயே மாத்திரையை மட்டும் போடுவதில். முதலாவதில் ஐ.என்.ஆர். இறங்கும். இரண்டாவதில் ஏறும். விரதம் இருப்பதாக இருந்தால் டாக்டரிடம் சொல்லிவிட்டு இருங்கள்.

சமையலில் போடும் இஞ்சி, பூண்டு, மஞ்சளால் பயமில்லை. ஆனால் 'ரத்தம் சுத்தமாகும்' என்று டப்பாவில் விற்கும் பூண்டு மாத்திரை, மஞ்சள் மாத்திரை, பெயர் தெரியாத லேகியம், சூரணம் எதுவானாலும் டாக்டரை கேட்காமல் சேர்க்கக் கூடாது.

சாராயம், பிராந்தி? கல்லீரலில்தான் இந்த மருந்தின் மொத்த வேலையும். அங்கேயே போய் அடிப்பது மது. குடித்த அன்று மாத்திரை மறந்துபோவது ஒரு ஆபத்து. ஐ.என்.ஆர். தாறுமாறாவது இன்னொரு ஆபத்து. விழுந்து தலையில் அடிபட்டால் மூன்றாவது ஆபத்து.

உடம்பு வலிக்கு 'செட்' மாத்திரை வேண்டாம்!

இட்லிக்கடை நடத்தும் 60 வயது அம்மா ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். இதயத் துடிப்பு கோளாறுக்காக வார்பரின் சாப்பிடுகிறார். அவருக்கு முட்டிவலி. தெருமுனை மெடிக்கலில் "முட்டிவலிக்கு ரெண்டு நாளைக்கு செட் குடுப்பா" என்று கேட்கிறார். கடைக்காரர் கலர் கலராக நாலு மாத்திரையை காகிதத்தில் மடித்துக் கொடுக்கிறார். வார்பரின் சாப்பிடுவதை அம்மா சொல்லவில்லை, கடைக்காரர் கேட்கவும் இல்லை. மூன்றாம் நாள் மலம் தார் மாதிரி கறுப்பாகப் போகிறது. தலை சுற்றுகிறது. வயிற்றுக்குள் ரத்தக்கசிவு!

டைக்ளோபினாக், இபுபுரூபன், ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகள் குடலை புண்ணாக்கும். உறைவு தடுப்பு மாத்திரையோடு சேர்ந்தால் அந்தப் புண்ணில் இருந்து ரத்தம் நிற்காது. வலிக்கு அவசரம் என்றால் பாரசிட்டமால் பரவாயில்லை. அதையும் டாக்டர் சொன்ன அளவில், ஓரிரு நாள் மட்டும்.

ஆன்டிபயாடிக் மாத்திரைகளிலும் கவனம் வேண்டும். வயிற்றுப்போக்குக்கு கொடுக்கும் மெட்ரோனிடசோல், படை, பூஞ்சைக்கு கொடுக்கும் புளூகோனசோல் போன்றவை ஐ.என்.ஆரை ஏற்றிவிடும். காசநோய்க்கு கொடுக்கும் ரிபாம்பிசின் நேர்மாறாக இறக்கிவிடும். எனவே எந்த புது மருந்து ஆரம்பித்தாலும், நிறுத்தினாலும் ஒரு வாரத்துக்குள் ஐ.என்.ஆர். பார்த்துவிடுங்கள்.

"ரெண்டு ஊசி போடுங்க டாக்டர், நாளைக்கு வேலைக்கு போகணும்" என்று கேட்பது நம் வழக்கம். இந்த மாத்திரை சாப்பிடுபவர்கள் இடுப்பில் ஊசி போட்டுக்கொண்டால் சதைக்குள் ரத்தம் கட்டி வீங்கிவிடும். மூட்டுவாத காய்ச்சலுக்காக 21 நாளுக்கு ஒரு முறை பென்சிலின் ஊசி போடுபவர்கள் அதை தாங்களாக நிறுத்தவும் கூடாது. டாக்டரிடம் மாத்திரை விவரத்தை சொல்லி அவர் சொல்படி நடக்க வேண்டும்.

சுளுக்கு எடுக்க உருவி விடுவதும் வேண்டாம். அதிலும், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் அதை உருவவே கூடாது. உள்ளே கட்டி இருந்தால் பிய்த்துக்கொண்டு நுரையீரலுக்கு போய்விடும்.

டெஸ்ட் தேவையில்லாத புது மாத்திரை

"எங்க பெரியப்பாவுக்கு டெஸ்ட்டே வேணாம்னு புது மாத்திரை குடுத்திருக்காங்க. நானும் மாத்திக்கலாமா?" இதுவும் பலர் கேட்பது.

2008 முதல் டாபிகட்ரான், ரிவரோக்சாபான், அபிக்சாபான் என்ற மாத்திரைகள் வந்தன. இவற்றுக்கு ஐ.என்.ஆர். பார்க்க வேண்டியதில்லை, கீரை பிரச்சினை இல்லை. காலில் கட்டி வந்தவர்களுக்கும், வால்வு கோளாறு இல்லாமல் இதயம் தாறுமாறாக துடிப்பவர்களுக்கும் இப்போது டாக்டர்கள் பெரும்பாலும் இவற்றைத்தான் எழுதுகிறார்கள். மூளைக்குள் ரத்தக்கசிவு ஏற்படுவதும் இவற்றில் குறைவு. கிட்னி எப்படி இருக்கிறது என்று மட்டும் அவ்வப்போது பார்க்க வேண்டும். ரிவரோக்சாபான் 15, 20 மி.கி. மாத்திரையை வெறும் வயிற்றில் போடக்கூடாது. சாப்பாட்டோடுதான் போட வேண்டும். இல்லாவிட்டால் மருந்து முழுசாக உடம்பில் சேராது.

ஆனால், உலோக வால்வு வைத்தவர்களுக்கு இந்த புது மாத்திரைகள் ஆகாது! டாபிகட்ரானை உலோக வால்வு நோயாளிகளுக்கு கொடுத்து பார்த்த ஆராய்ச்சி பாதியிலேயே நிறுத்தப்பட்டது. 2013-ல் வெளியான அதன் முடிவில், கட்டியும் அதிகம், ரத்தக்கசிவும் அதிகம் என்று தெரிந்தது. மூட்டுவாத காய்ச்சலால் வால்வு சுருங்கி இதயம் தாறுமாறாக துடிப்பவர்களிடம், இந்தியா உள்பட 24 நாடுகளில் சுமார் 4,500 பேரை வைத்து ஒரு பெரிய ஆராய்ச்சி நடந்தது. 2022-ல் முடிவு வந்தது. புது மாத்திரையான ரிவரோக்சாபான் சாப்பிட்டவர்களைவிட பழைய வகை மாத்திரை சாப்பிட்டவர்களிடம் இறப்பு குறைவாக இருந்தது.

ஆக, புதுசு எல்லாம் எல்லோருக்கும் நல்லது என்று இல்லை. பெரியப்பாவுக்கு பொருந்துவது உங்களுக்கு உயிராபத்தாக முடியலாம்.

பெண்கள் கவனத்துக்கு

வார்பரின், அசிட்ரோம் இரண்டும் தாயின் ரத்தம் வழியாக கருவில் இருக்கும் குழந்தைக்கு போகும். கரு உண்டான 6-வது வாரம் முதல் 12-வது வாரம் வரை குழந்தையின் மூக்கு, எலும்பு வளர்ச்சியை பாதிக்கும் அபாயம் உண்டு. அதற்காக பயந்துபோய் தானாக மாத்திரையை நிறுத்தினால் தாயின் வால்வு அடைத்துக்கொள்ளும். இரண்டு உயிரும் போகும்.

எனவே வால்வு மாற்றிய பெண்கள் குழந்தை பெற நினைத்தால் கரு உண்டாவதற்கு முன்பே இதய டாக்டர், மகப்பேறு டாக்டர் இருவரையும் பார்க்க வேண்டும். எந்த மாதத்தில் மாத்திரை, எந்த மாதத்தில் ஊசி என்று அவர்கள் திட்டம் போட்டுத் தருவார்கள். நாள் தள்ளிப்போனால் அந்த வாரமே ஆஸ்பத்திரிக்கு போய்விடுங்கள். கல்யாணப் பேச்சிலும் இதை மறைக்காமல் இருப்பது பெண்ணின் உயிருக்கு நல்லது. மாமியார் வீட்டில் ஒளித்து ஒளித்து மாத்திரை சாப்பிட்டால் என்றாவது ஒரு நாள் விட்டுப்போகும்.

மாதவிலக்கில் வழக்கத்தைவிட அதிகமாக ரத்தம் போனால் கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்லவும்.

மறந்துவிட்டால் என்ன செய்வது?

வார்பரின், அசிட்ரோம் சாப்பிடுபவர்கள் ராத்திரி 8 மணிக்கு மறந்து 11 மணிக்கு ஞாபகம் வந்தால் அப்போதே போட்டுக்கொள்ளலாம். மறுநாள்தான் ஞாபகம் வந்தது என்றால் விட்டதை விட்டுவிடுங்கள். அன்றைய மாத்திரையை மட்டும் போடுங்கள். இரண்டையும் சேர்த்து போடவே கூடாது. விட்ட தேதியை காலண்டரில் குறித்து வைத்து அடுத்த தடவை டாக்டரிடம் சொல்லுங்கள். திட்டுவாரோ என்று மறைத்தால், அளவு போதவில்லை என்று நினைத்து அவர் மாத்திரையை கூட்டிவிடுவார். அது பெரிய ஆபத்து. புது வகை மாத்திரை சாப்பிடுபவர்கள் மறந்தால் என்ன செய்வது என்பதை டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளவும்.

வெளியூர் போனால் தேவைக்கு மேல் ஒரு வாரத்து மாத்திரை கூடுதலாக பையில் இருக்கட்டும்.

பல் பிடுங்க வேண்டுமா, வேறு ஆபரேஷனா? முதலில் மாத்திரை சாப்பிடுவதை சொல்லுங்கள். நிறுத்த வேண்டுமா, எத்தனை நாள் என்பதை இதய டாக்டர்தான் சொல்ல வேண்டும். பல் பிடுங்க பெரும்பாலும் நிறுத்தவே தேவைப்படாது.

உடனே ஓட வேண்டிய அறிகுறிகள்

ரத்தம் கசிவதற்கான அறிகுறி: பல் ஈறில், மூக்கில் ரத்தம் நிற்காமல் வருவது, சிறுநீர் சிவப்பாக போவது, மலம் கறுப்பாக தார் மாதிரி போவது, ரத்த வாந்தி, அடிபடாமலே உடம்பில் கன்னிப்போன திட்டுகள், திடீரென தாங்க முடியாத தலைவலி.

கட்டி வந்ததற்கான அறிகுறி: வாய் ஒரு பக்கம் கோணுவது, பேச்சு குழறுவது, ஒரு கை, கால் விழுந்துபோவது, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி. உலோக வால்வு வைத்தவர்களுக்கு 'டிக்... டிக்...' சத்தம் மங்குவது அல்லது நின்றுபோவது.

தலையில் அடிபட்டால், வெளியே காயமே இல்லாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்கு போயே ஆக வேண்டும். மூளைக்குள் மெதுவாக கசிந்துகொண்டிருக்கும், வெளியே தெரியாது. பைக்கில் போகும்போது ஹெல்மெட் இவர்களுக்கு இரட்டிப்பு அவசியம்.

இவற்றில் எது வந்தாலும் 'காலையில பாத்துக்கலாம்' என்று படுக்கக் கூடாது. 108-க்கு போன் செய்யுங்கள். போனவுடன் முதலில் சொல்ல வேண்டியது, என்ன மாத்திரை, கடைசியாக எப்போது போட்டது என்பதுதான். வார்பரின், அசிட்ரோம் வேகத்தை முறிக்க வைட்டமின்-கே ஊசி இருக்கிறது. நேரத்தோடு போனால் காப்பாற்றிவிடலாம்.

பேச முடியாத நிலைமையில் போனால்? அதற்குத்தான் சீட்டு. மாத்திரை பெயர், அளவு, எதற்காக, ஐ.என்.ஆர். எவ்வளவு இருக்க வேண்டும், வீட்டு போன் நம்பர் ஆகியவற்றை ஒரு அட்டையில் எழுதி பர்சில் வைத்துக்கொள்ளுங்கள். மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் மாத்திரை பெயரை மனப்பாடமாக சொல்லிக்கொடுங்கள்.

எத்தனை காலம்?

காலில் கட்டி வந்தவர்களுக்கு குறைந்தது 3 மாதம். காரணத்தைப் பொறுத்து நீளலாம். விலங்கின் திசுவால் செய்த வால்வு வைத்தவர்களுக்கு பெரும்பாலும் முதல் 3 முதல் 6 மாதம். இதயம் தாறுமாறாக துடிக்கும் கோளாறு இருந்தால் பெரும்பாலும் ஆயுசுக்கும். உலோக வால்வு என்றால் சந்தேகமே இல்லை, ஆயுசுக்கும்.

'நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு மாத்திரை?' என்று தோன்றும். மாத்திரை போடுவதால்தான் நன்றாக இருக்கிறீர்கள்.

அந்த கொத்தனார் கதைக்கு வருவோம். இந்த நிலைமையில் வருபவர்களுக்கு கட்டியை கரைக்கும் மருந்து கொடுத்து பார்ப்பார்கள். கரையாவிட்டால் மறுபடி நெஞ்சை பிளந்து ஆபரேஷன். சரியான நேரத்துக்கு வந்தவர்கள் பிழைத்துப் போகிறார்கள். மனைவி சத்தத்தை கேட்டு அன்று ராத்திரியே கூட்டிக்கொண்டு போனதுதான் அவர் பிழைக்க வழி. காலை வரை காத்திருந்தால் கதையே வேறு.

இன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும் மாத்திரை டப்பாவை திறந்து பாருங்கள். எத்தனை மிச்சம் இருக்கிறது? கடைசியாக டெஸ்ட் எடுத்த தேதி என்ன? ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது என்றால், நாளைக்கு காலையில் வேலைக்கு போவதற்கு முன்பு செய்ய வேண்டிய முதல் வேலை அதுதான்.